செட்டிநாட்டு வெயிலில் டேப்லெட் கொதிக்கிறதா? டிஜிட்டல் ஓவியர்களுக்கு ஒரு வழிகாட்டி

பங்குனி பிறந்ததும் காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் வட்டாரத்தில் டேப்லெட்டில் படம் வரைபவர்களுக்கு ஒரே மாதிரியான தொல்லை தொடங்கிவிடும். முதலில் கோடு பேனாவுக்குப் பின்னால் தயங்கித் தயங்கி வரும். பிறகு திரை தானாக மங்கும். சார்ஜ் ஏறாமல் நிற்கும். கடைசியில், ஆறும்வரை கருவியைப் பயன்படுத்த முடியாது என்ற அறிவிப்பு திரையை மூடிக்கொள்ளும். இதை வீட்டிலேயே எவ்வளவு தூரம் சரிசெய்யலாம், சரியாகாவிட்டால் மதுரைக்கோ திருச்சிக்கோ எடுத்துச் செல்லும்போது கையில் என்னென்ன இருக்க வேண்டும், என்ன செலவாகும், எந்த மாதத்தில் கொடுத்தால் பிழைப்பு கெடாது என்பவற்றை வரிசையாக எழுதியிருக்கிறேன். நான் சென்ற சர்வீஸ் சென்டரில், குளிரூட்டிய அறையில் சிறிது நேரம் ஓடவிட்டுப் பார்த்துவிட்டு, "சூடே ஆகவில்லையே" என்று திருப்பித் தந்துவிட்டார்கள். அந்தக் குளிரில், சிறிது நேரத்துக்குள் பெரும்பாலான கருவிகள் சூடாகாது. ஆகவே, கீழே உள்ள இரண்டாவது படியைத் தாண்டிக் குதித்துவிட வேண்டாம் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்கிறேன்.

1. சூடு எங்கிருந்து வருகிறது என்று பிரித்துப் பாருங்கள்

ஆப்பிளின் ஐபேடுக்கும் மைக்ரோசாஃப்டின் சர்ஃபேஸுக்கும் அவற்றின் நிறுவனங்கள் குறித்திருக்கும் இயங்கு வெப்பநிலை 0 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரைதான். இது கருவியைச் சுற்றியுள்ள காற்றின் வெப்பநிலை. கருவியின் உடம்புச் சூடு அன்று. நம் ஊரில் கோடைப் பிற்பகலில் நிழலிலேயே இந்த எல்லை தாண்டிவிடுகிறது. அப்படிப்பட்ட நேரத்தில் எச்சரிக்கை வந்தால், அது பழுது இல்லை. கருவி தன்னைக் காத்துக்கொள்கிறது என்று பொருள். சிப்பின் வேகத்தைக் குறைப்பதும், திரையை மங்கச் செய்வதும், சார்ஜை நிறுத்துவதும் அந்தத் தற்காப்பின் பகுதிகளே.

சூட்டை மூன்று வகையாகப் பிரித்துக்கொள்ளலாம். முதலாவது, அறையின் சூடு. இரண்டாவது, நீங்கள் கொடுக்கும் வேலையால் சிப்பில் எழும் சூடு; இது பெரும்பாலும் கருவியின் பின்புறத்தில் ஒரே இடத்தில் குவியும், வரைவதை நிறுத்திய சில நிமிடங்களில் இறங்கத் தொடங்கும். மூன்றாவது, பேட்டரியிலோ சார்ஜ் சுற்றிலோ உள்ள கோளாறால் வரும் சூடு. இது பரவலாக இருக்கும், எந்தச் செயலியும் ஓடாதபோதும் இருக்கும், சும்மா வைத்திருக்கும்போதே சார்ஜும் விறுவிறுவென இறங்கும். முதல் இரண்டையும் நாமே பார்த்துக்கொள்ளலாம். மூன்றாவதுக்கு மட்டுமே பேருந்து ஏற வேண்டும்.

2. ஒரு வாரத்துக்குக் குறிப்பேடு எழுதுங்கள்

அறையின் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் காட்டும் சிறிய டிஜிட்டல் தெர்மாமீட்டர் இணையக் கடைகளில் ஐந்நூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது. மற்ற எதையும் வாங்குவதற்கு முன் இதை வாங்குங்கள். ஒரு வாரம் போதும். வரையும் ஒவ்வொரு வேளைக்கும் நேரம், அறை வெப்பநிலை, என்ன செயலி, கேன்வாஸ் (வரையும் பரப்பு) அளவு, சார்ஜில் இருந்ததா இல்லையா, எத்தனை நிமிடத்தில் திரை மங்கியது அல்லது எச்சரிக்கை வந்தது என்பவற்றை ஒரு வரியில் எழுதிவையுங்கள். ஆண்ட்ராய்டு கருவியில் பேட்டரியின் வெப்பநிலையைக் காட்டும் செயலிகள் உள்ளன. அந்த எண்ணையும் சேர்த்துக்கொள்ளலாம். ஐபேடின் அமைப்புகளில் அந்த எண் தெரியாது.

எச்சரிக்கை வந்த கணத்தில், டேப்லெட்டின் பக்கத்தில் தெர்மாமீட்டரை வைத்து, இரண்டின் திரையும் ஒரே சட்டகத்தில் தெரியும்படி கைபேசியில் ஒரு சிறு வீடியோ எடுங்கள். சர்வீஸ் சென்டரில் பேசப்போவது இந்த வீடியோதான். ஆனால், ஒன்றைக் கவனிக்க வேண்டும்: தெர்மாமீட்டர் 38 காட்டும்போது எடுத்த வீடியோ உங்களுக்கு எதிராகவே திரும்பும். நிறுவனம் குறித்த வரம்புக்கு வெளியே பயன்படுத்தியதால் வந்த கேடு உத்தரவாதத்தில் சேராது என்ற விதி பெரும்பாலான உத்தரவாதத் தாள்களில் உண்டு. உங்களுக்குப் பயன்படும் சான்று, அறை 35-க்குக் கீழே, முடிந்தால் 30-ஐ ஒட்டி இருக்கும்போது, சார்ஜரும் உறையும் இல்லாமல் எச்சரிக்கை வந்ததைக் காட்டுவது. விடியற்காலையிலோ ஏசி அறையிலோ வரைந்து பார்த்து அப்படி ஒன்று கிடைத்தால், கோளாறு கருவியில்தான் என்று துணிந்து சொல்லலாம். கிடைக்காவிட்டால், அடுத்த மூன்று படிகளிலேயே உங்கள் சிக்கல் தீர்ந்துவிட வாய்ப்பு அதிகம்.

3. உட்காரும் இடத்தை மாற்றுங்கள்

இதற்குப் பணச் செலவு மிகக் குறைவு. பலன் மிக அதிகம். பழைய நாட்டுக்கோட்டைச் செட்டியார் வீட்டிலோ அதைப்போன்ற தடித்த சுவர் வீட்டிலோ இருப்பவர்கள், நடுப்பகலில் வளவை (நடு முற்றத்தை) ஒட்டிய உள்பக்கத்தையோ பட்டாலையையோ (கூடத்தையோ) பயன்படுத்துங்கள். அந்தச் சுவர்கள் பகல் சூட்டை உள்ளே விட நெடுநேரம் எடுத்துக்கொள்கின்றன. மாறாக, கான்கிரீட் தளம் போட்ட மாடி அறை பகலெல்லாம் வாங்கிய சூட்டை இரவு பத்து மணி தாண்டியும் இறக்கிக்கொண்டே இருக்கும். வெயில் தாழ்ந்துவிட்டது என்று மாலை ஏழு மணிக்கு மாடி ஏறி வரைய உட்காருபவர்கள், அந்த வீட்டின் மிகச் சூடான நேரத்தைத் தேடிப்பிடித்து உட்காருகிறார்கள் என்றே சொல்வேன். தெர்மாமீட்டரை இரண்டு இடத்திலும் வைத்துப் பார்த்தால் நீங்களே ஒப்புக்கொள்வீர்கள். மாடிதான் உங்கள் இடம் என்றால், விடியற்காலை முதல் பத்து மணிக்குள் கனமான வேலையை முடித்துக்கொண்டு, மாலையில் கோட்டு ஓவியம், வாடிக்கையாளருக்குப் பதில் எழுதுவது போன்ற இலகுவான வேலைகளை வைத்துக்கொள்ளுங்கள்.

உள்பக்கத்து அறையில் ஒரு இடைஞ்சல் உண்டு. தடித்த சுவரைத் தாண்டிக் கைபேசிச் சிக்னல் வராது. சிம் போட்ட டேப்லெட் சிக்னலைத் தேடித் தேடியே சூடேறும். வரையும்போது விமானப் பயன்முறையில் போட்டுவிடுங்கள்.

டேப்லெட்டை எதன்மேல் வைக்கிறீர்கள் என்பதும் முக்கியம். மெத்தை, தலையணை, மடி ஆகிய மூன்றும் சூட்டை வெளியே விடாமல் போர்த்திவைக்கும். சிலிக்கான் உறையும் அப்படியே, வரையும்போது கழற்றிவிடுங்கள். அலுமினிய ஸ்டாண்ட் தரத்துக்கு ஏற்ப ஏறத்தாழ ஐந்நூறு முதல் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய். மடிக்கணினிக்கான விசிறி வைத்த கூலிங் பேட் ஏறத்தாழ எண்ணூறு முதல் இரண்டாயிரம். இரண்டில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், விசிறியே இல்லாத ஐபேட் போன்ற கருவிக்கு ஸ்டாண்டும் ஒரு மேசை விசிறியும் போதும். நான் இன்னொன்றும் செய்கிறேன். வீட்டு வேலையில் மிஞ்சிய ஒரு ஆத்தங்குடிக் கல்லை (தரையில் பதிக்கும் பூ வேலைக் கல்) மேசைமேல் வைத்து, உறையில்லாத டேப்லெட்டின் முதுகு அதில் நன்றாகப் படியும்படி கிடத்திவிடுவேன். சிமென்ட் கல் ஆதலால் சூட்டை நிதானமாக வாங்கிக்கொள்கிறது. கொஞ்ச நேரம் கழித்துக் கையை வைத்துப் பார்த்தால் டேப்லெட் இருந்த இடம் மட்டும் வெதுவெதுப்பாக இருக்கும். அப்போது கல்லை மறுபுறம் நகர்த்திக்கொள்ளலாம். கல்லை ஈரத்துணியால் துடைத்திருந்தால் முழுதும் காய்ந்த பிறகே வையுங்கள். மணல் துகள் ஒட்டியிருந்தால் கீறல் விழும்.

தண்ணீர் ஊற்றும் ஏர்கூலரின் ஈரக் காற்று நேராக டேப்லெட்டின்மேல் படும்படி உட்கார வேண்டாம். சர்ஃபேஸ் போன்ற, விசிறி உள்ள கருவியாக இருந்தால் ஓரத்துக் காற்றுத் துளைகளில் செம்மண் புழுதி அடைந்துகொள்ளும். கருவியை அணைத்துவிட்டு, கைப்பம்பு பிளோயரால் அவ்வப்போது ஊதிவிடுங்கள்.

4. கேன்வாஸையும் செயலியையும் இளைக்கச் செய்யுங்கள்

ஏ4 தாளை 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) திறந்தால் 2480 பெருக்கல் 3508 புள்ளிகள். ஒரு புள்ளிக்கு நான்கு பைட் என்ற சாதாரணக் கணக்கில், முழுதும் வண்ணம் நிரம்பிய ஒரு லேயருக்கு (படத்தின் ஓர் அடுக்குக்கு) ஏறத்தாழ 35 மெகாபைட் ஆகிறது. அதே தாளை 600 டிபிஐயில் திறந்தால் நான்கு மடங்கு, அதாவது 139 மெகாபைட். நாற்பது லேயர் வைத்து வரைபவருக்கு இது 1.4 ஜிகாபைட்டுக்கும் 5.6 ஜிகாபைட்டுக்கும் உள்ள வித்தியாசம். பென்னை ஒருமுறை இழுக்கும்போது அந்த லேயர்களையெல்லாம் கலந்து காட்ட வேண்டிய சுமை சிப்பின் தலையில் விழுகிறது. சிவகாசியில் அச்சாகும் கல்யாண அழைப்பிதழுக்கு 300 டிபிஐ போதும். பத்தடி ஃபிளெக்ஸுக்கு முழு அளவில் 72 முதல் 100 டிபிஐயே போதுமானது. தொலைவிலிருந்து பார்ப்பதற்கு அதைவிடக் கூடுதல் தேவையில்லை. "எதற்கும் இருக்கட்டும்" என்று 600 வைக்கும் பழக்கத்தைக் கைவிடுங்கள்.

கண்டாங்கிச் சேலைக் கட்டம், ஆத்தங்குடிப் பூ வேலை போன்றவற்றை வரையும்போது முழுப் பரப்பையும் லேயர் லேயராக அடுக்க வேண்டாம். ஒரு கட்டத்தைச் சிறிய கேன்வாஸில் முடித்து, ஒரே லேயராக்கி, பிறகு அதைத் திரும்பத் திரும்பப் பதியுங்கள். முடிந்த லேயர்களைச் சேர்ப்பதற்கு முன், கோப்பின் ஒரு நகலை வேறு பெயரில் வைத்துக்கொண்டால் திருத்தம் கேட்கும் வாடிக்கையாளரிடம் மாட்டிக்கொள்ள மாட்டீர்கள்.

புரோக்ரியேட் என்ற வரையும் செயலியில், வரைவதை வீடியோவாக்கும் டைம்லாப்ஸ் பதிவு தானாக ஓடிக்கொண்டிருக்கும். தேவையில்லாத ஓவியத்துக்கு வீடியோ பகுதியில் அதை அணைத்துவிடுங்கள். கிருதா என்ற வரையும் செயலியில் செயல்திறன் பகுதியில் ரேம் அளவையும் நொடிக்கான சட்டக எண்ணிக்கையையும் குறைக்கலாம். 120 ஹெர்ட்ஸ் திரையுள்ள ஐபேட் புரோவில் அணுகல்தன்மைப் பகுதியில் உள்ள அசைவு அமைப்பில் சட்டக வேகத்தை 60-க்குக் கட்டுப்படுத்தலாம். ஐபேட்ஓஎஸ் 15 முதல் குறைந்த மின் பயன்முறையும் இருக்கிறது. கோடு வரும் வேகம் கொஞ்சம் குறையும். ஆனால், நடுவில் நின்றுபோவதைவிட அது மேல். திரை வெளிச்சத்தையும் பாதிக்குக் கீழே இறக்குங்கள். வரைந்துகொண்டே பக்கத்தில் வீடியோ ஓடவிடுவதும், திரையைப் பகிர்ந்து இணைய வகுப்பு எடுப்பதும் சூட்டை ஏற்றும் பெரிய காரணங்கள். பாட்டைக் கைபேசியில் கேளுங்கள்.

5. சார்ஜ் போடும் நேரத்தை வரையும் நேரத்திலிருந்து பிரியுங்கள்

சார்ஜ் ஏறும்போது பேட்டரி சூடாகும். வரையும்போது சிப் சூடாகும். இரண்டையும் சேர்த்து நடத்துவதுதான் நம் ஊரில் பெரும்பாலான எச்சரிக்கைகளுக்குக் காரணம் என்பது என் கணிப்பு. இரவில் அறை ஆறிய பிறகோ விடியற்காலையிலோ ஏற்றிவிட்டு, இணைப்பைப் பிடுங்கிவிட்டு வரையுங்கள். முடிந்தவரை 20-க்கும் 80-க்கும் இடையில் வைத்திருங்கள். முழு சார்ஜும் சூடும் சேர்ந்தால் லித்தியம் பேட்டரி சீக்கிரம் மூப்படையும். சாம்சங் டேப்களிலும் புதிய ஐபேட்களிலும் 80-இல் நிறுத்தும் அமைப்பு உள்ளது. எப்போதும் மின்னிணைப்பிலேயே கிடக்கும் சர்ஃபேஸ் என்றால் அதன் யுஇஎஃப்ஐ பக்கத்தில் (விண்டோஸ் தொடங்குவதற்கு முன் திறக்கும் அமைப்புப் பக்கம்) 50 சதவீதத்தில் நிறுத்தும் வசதியைப் பயன்படுத்துங்கள்.

மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை ஒன்பது மணிக்கு மின்சாரம் நிறுத்தப்போவதாக அறிவிப்பு வந்தால், முந்தின இரவே ஏற்றிவையுங்கள். மின்சாரம் வந்ததும் சூடான அறையில் அவசரமாக வேகச் சார்ஜரில் போட்டுக்கொண்டே வரைவது வேண்டாம். சார்ஜில் இருக்கும்போது கோடு நடுங்கினால் அது சூட்டின் விளைவாக இல்லாமல், தரமற்ற சார்ஜராலோ எர்த் இல்லாத பிளக்காலோ பழைய வகை இன்வெர்ட்டராலோ இருக்கலாம். இணைப்பைப் பிடுங்கியதும் நடுக்கம் நின்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

விண்டோஸ் டேப்லெட்டை உறக்க நிலையில் பைக்குள் போடாதீர்கள். உள்ளேயே விழித்துக்கொண்டு வெந்துபோகும். அணைத்துவிட்டுப் போடுங்கள்.

6. எச்சரிக்கை வந்துவிட்டால்

சேமிக்க முடிந்தால் சேமியுங்கள், சார்ஜரைப் பிடுங்குங்கள், உறையைக் கழற்றுங்கள், திரையை அணைத்து, நிழலில் மின்விசிறிக்குக் கீழே நிமிர்த்தி வையுங்கள். அவ்வளவுதான். ஃபிரிட்ஜில் வைப்பது, ஐஸ் ஒத்தடம், ஈரத்துணி எல்லாம் தீங்கானவை. குளிர்ந்த உலோகத்தின் உள்பக்கம் நீர் கோத்துக்கொள்ளும். ஈரம் பட்டால் நிறம் மாறும் அடையாள ஒட்டி உள்ளே இருக்கும் கருவிகளில், உத்தரவாதமும் அத்தோடு போய்விடும்.

சமதளமான தரையில் வைத்தால் ஆடுகிறதா, திரையின் ஓரம் சட்டத்தைவிட்டு எழும்பியிருக்கிறதா, திரையில் புதிதாக வெளிறிய திட்டு தெரிகிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். இவை பேட்டரி உப்பியதற்கான அறிகுறிகள். அப்படியானால் உடனே அணையுங்கள். சார்ஜ் போடவோ, எழும்பிய இடத்தை அழுத்தவோ, வீட்டில் திறந்து பார்க்கவோ கூடாது. கூரியரில் அனுப்பவும் கூடாது. சர்வீஸ் சென்டருக்குத் தொலைபேசியில் சொல்லி, எப்படிக் கொண்டுவர வேண்டும் என்று கேட்ட பிறகே கிளம்புங்கள்.

7. சர்வீஸ் சென்டருக்குச் செல்லும்போது எடுத்துச் செல்ல வேண்டியவை

ஜிஎஸ்டி எண்ணுடன் கூடிய விலைப்பட்டியல், சீரியல் எண் (சிம் கருவியானால் ஐஎம்இஐ எண்ணும்), ஓர் அடையாளச் சான்றின் நகல், இரண்டாவது படியில் சொன்ன குறிப்பேடும் வீடியோவும், வழக்கமாகப் பயன்படுத்தும் சார்ஜரும் கேபிளும். பெட்டி இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் குற்றமில்லை. இணையத்தில் வாங்கியவர்கள் ஆர்டர் உறுதிச் செய்தியைக் காட்டினால் ஏற்காமல் போகலாம். கணக்கில் நுழைந்து விலைப்பட்டியலையே பதிவிறக்குங்கள்.

சிங்கப்பூரிலிருந்தோ மலேசியாவிலிருந்தோ உறவினர் வாங்கிவந்த கருவி நம் பக்கத்தில் வீட்டுக்கு வீடு இருக்கிறது. அவற்றின் உத்தரவாதம் இந்தியாவில் செல்லுமா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம், மாடலுக்கு மாடல் மாறும். சீரியல் எண்ணை நிறுவனத்தின் தளத்தில் இட்டு உத்தரவாதம் எதுவரை என்று பார்த்து, வாடிக்கையாளர் சேவை எண்ணிலும் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொண்டு கிளம்பினால் ஒரு நாள் மிச்சம். பட்டியல் அத்தான் பெயரிலோ சித்தப்பா பெயரிலோ இருந்தால் அவரிடமிருந்து ஓர் ஒப்புதல் கடிதமும் வாங்கிவையுங்கள்.

கொடுப்பதற்கு முன் எல்லா ஓவியங்களையும் மூலக் கோப்பாகவும் பிஎஸ்டியாகவும் (ஃபோட்டோஷாப் கோப்பு வடிவம்) வெளி வட்டிலோ மேகச் சேமிப்பிலோ நகலெடுங்கள். பேட்டரியை மட்டும் மாற்றாமல் கருவியையே மாற்றித் தருவதும் உண்டு. அப்போது உள்ளே இருப்பது எதுவும் திரும்பி வராது. பிரஷ் தொகுப்புகளையும் தனியே ஏற்றுமதி செய்யுங்கள். பலரும் இதை விட்டுவிடுகிறார்கள். ஐபேடானால், தொலைந்த கருவியைத் தேடும் "ஃபைண்ட் மை" வசதியை அணைக்கச் சொல்வார்கள், ஆப்பிள் கணக்கின் கடவுச்சொல் நினைவில் இருக்க வேண்டும். அந்தக் கடவுச்சொல்லை எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை.

சர்வீஸ் சென்டரில் எழுதும் ஜாப் ஷீட்டை (வேலைப் பதிவுத் தாளை) படிக்காமல் கையெழுத்திட வேண்டாம். "சார்ஜிங் பிரச்சினை" என்று பொதுவாக எழுதுவார்கள். "30 டிகிரி அறையில், சார்ஜர் இணைக்காத நிலையில் வெப்ப எச்சரிக்கை வருகிறது" என்று எழுதச் சொல்லுங்கள். ஏற்கெனவே உள்ள கீறல்களைப் படமெடுத்துவையுங்கள். பென்னைக் கொடுத்தால் அதுவும் ஷீட்டில் ஏற வேண்டும். உத்தரவாதம் முடிந்த கருவியானால் பரிசோதனைக் கட்டணம் எவ்வளவு, பழுதுபார்க்க வேண்டாம் என்று நீங்கள் சொன்னாலும் அது உண்டா என்று கேளுங்கள். மதிப்பீட்டை எழுத்தில் பெற்ற பிறகே சம்மதம் சொல்லுங்கள். ஐபேட் பேட்டரி ஆயிரம் முழுச் சார்ஜ் சுழற்சிக்குப் பின் 80 சதவீதக் கொள்ளளவு வைத்திருக்கும்படி வடிவமைக்கப்பட்டது என்று ஆப்பிள் சொல்கிறது. உங்கள் கருவியின் அளவைச் சோதித்து அந்த எண்ணை அறிக்கையில் எழுதித் தரச் சொல்லலாம்.

காரைக்குடியிலிருந்து மதுரைக்குப் பேருந்தில் ஏறத்தாழ இரண்டு மணிநேரம். கருவியை அணைத்து, கைப்பையில் மடியோடு வைத்துக்கொள்ளுங்கள். காரில் சென்றால் டிக்கியில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். ஐபேடைச் சும்மா வைத்திருப்பதற்கே 45 டிகிரிதான் மேல் எல்லை, வெயிலில் நிற்கும் கார் அதை எளிதில் தாண்டும்.

8. எந்த மாதத்தில் கொடுப்பது

உதிரிபாகம் வரவேண்டும் என்றால் ஒரு வாரத்துக்கு மேலும் இழுக்கும். அழைப்பிதழ் வேலை செய்பவர்கள், ஆடியில் முகூர்த்தம் இல்லை என்று அந்த மாதத்தில் கொடுக்க நினைப்பார்கள். ஆனால், ஆவணிக் கல்யாணங்களின் அழைப்பிதழ் வேலை வந்து குவிவது ஆடியில்தான். கை காலியாக இருப்பது ஆனி பிற்பாதியிலும் கார்த்திகை பிற்பாதியிலும். வேறு கருவி இரவல் கிடைக்குமானால், தருபவரிடம் முன்பே சொல்லிவையுங்கள்.

9. மறுத்துவிட்டால்

மறுப்பதற்கான காரணத்தை எழுத்தில் கேளுங்கள். தரவில்லை என்றால் அன்றே நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்கு மின்னஞ்சல் அனுப்பி, ஜாப் ஷீட் எண்ணையும் வீடியோவையும் இணையுங்கள். பயனில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. அடுத்த கட்டம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். வாங்கிய கடை சென்னையில் இருந்தாலும், காரைக்குடிக்காரர் சிவகங்கையில் கொடுத்தால் போதும். பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை இருந்தால் ஆணையத்துக்குக் கட்டணம் இல்லை. பிரச்சினைக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும் என்பதால், விலைப்பட்டியல், ஜாப் ஷீட், மின்னஞ்சல்கள், குறிப்பேடு ஆகியவற்றை அதுவரை ஒரே உறையில் வைத்திருங்கள். வெப்பத்தாளில் அச்சான ரசீது சில மாதங்களில் வெளிறிவிடும். கையில் வாங்கிய அன்றே ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள்.